அத்தை தோப்பு வழியாக

கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களை ஆகஸ்டில் மூன்று நாள் மலையடிவாரத்துக்கு அழைத்துப் போவது வழக்கம். அழைத்துப் போவது மூத்த மாணவர்கள்தான். வீட்டிலிருந்து யாரும் வரக் கூடாது, போன் செய்யவும் கூடாது. மூத்த மாணவியான நித்யஸ்ரீ வழிகாட்டிப் பயிற்சியில் சேர்ந்ததே அந்த விதிக்காகத்தான். சொந்த ஊரான கருமத்தம்பட்டியில் பஸ் ஏறினால் கண்டக்டர்கூட அவள் அப்பாவை விசாரிப்பார். இன்னார் மகள் என்று ஒருவரும் அறியாத மூன்று நாள் அவளுக்கு வேண்டும். வகுப்பில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த நாட்களைக் கற்பனை செய்துகொள்வாள். அந்தக் கற்பனையில் ஏனோ எப்போதும் பனி பெய்தது.

பயிற்சியின் இறுதித் தேர்வை உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே வைத்தார்கள். தார்ச்சாலை முடிகிற இடத்திலிருந்து தென்னந்தோப்புகள் வழியாக அமராவதி அணை வரை ஒரு குழுவை அவள் நடத்திப் போக வேண்டும்.

"வெளியாள்கிட்ட ஒரு வாய் தண்ணி வாங்குனாலும் பெயில்" என்று சொல்லிவிட்டுப் பயிற்சியாளர் சுந்தரராஜுலு ஜீப்பில் அணைக்குப் போய்விட்டார்.

குழுவில் இரண்டு பேர். அக்ஷிதாவுக்கு வீட்டு ஏக்கத்தில் அழும் புது மாணவி வேடம். கதிருக்குக் கால் சுளுக்கியவன் வேடம். கதிர் முதல் வளைவுவரை இடது காலையும் அதற்குப் பிறகு வலது காலையும் நொண்டினான்.

இரண்டாவது தோப்பில் ஒரு குரல் கேட்டது.

"அம்மணி! நீ பாலுசாமியண்ணன் புள்ளதான?"

அப்பாவின் பெரியப்பா மகள், ராசாத்தாள் அத்தை. அது அவளுடைய தோப்பு என்பது நித்யஸ்ரீக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"எங்க இந்த வெயில்ல?"

"அணைக்குங்க அத்தை."

"வாங்க, எளநி வெட்டச் சொல்றேன்."

"வேண்டாங்க அத்தை."

"மோராச்சும் குடிங்க."

"வேண்டாங்க."

அத்தை கதிரைப் பார்த்தாள். "நீ எந்த ஊரு கண்ணு? யாரு ஊட்டுப் பையன்?"

"ஹாஸ்டலுங்க" என்றான் கதிர்.

அதற்கு மேல் அவனிடம் என்ன கேட்பதென்று தெரியாமல் அத்தை சொம்பில் தண்ணீர் மொண்டு நித்யஸ்ரீயிடம் நீட்டினாள். நித்யஸ்ரீ வேண்டாமென்று தலையை ஆட்டினாள். சொம்பு அந்தரத்தில் நின்றது.

"பச்சத் தண்ணிகூட வேண்டாமா?" அத்தையின் முகம் மாறிவிட்டது. "அப்படியாயிருச்சா?"

நித்யஸ்ரீ குழுவைக் கூட்டிக்கொண்டு வேகமாக நடந்தாள். பயமாக இருந்தது. கூடவே, வாழ்க்கையில் முதல்முறையாகச் சொந்தக்காரர் ஒருவரிடமிருந்து தப்பித்த சந்தோஷமும் இருந்தது.

"எளநியக் கண்ணுல காட்டிப்போட்டு இழுத்துட்டு வாரியே, நீயெல்லாம் மனுசியா?" என்றான் கதிர்.

அக்ஷிதா அழுதுகொண்டிருந்தாள்.

"நடிக்கிறியா?"

"தெரியலடி. எனக்கு மோராச்சும் வாங்கியிருக்கலாம்."

அணைக்கு வந்து சேர்ந்தபோது புங்கமரத்தடியில் அத்தையின் மொபெட் நின்றது. பக்கத்தில் சுந்தரராஜுலு அத்தை கொண்டுவந்த இளநீரைக் குடித்து முடித்து வழுக்கையைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"சார், வெளியாள்கிட்ட வாங்கக்கூடாதுன்னீங்க?" என்றான் கதிர்.

"அது உங்களுக்குப்பா."

அத்தை நித்யஸ்ரீயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கப்பனுக்குப் போன் போட்டுட்டேன் அம்மணி. எங்க ஊட்டுக் காதுகுத்துக்கு நேர்ல வந்து அழைக்காம போன்ல சொன்னது என் தப்புதான். அதுக்குன்னு புள்ளையத் தண்ணி குடிக்காமப் பழக்குவீங்களான்னு கேட்டுப்போட்டேன். அண்ணன் அழுதுட்டாரு."

இப்படி ஒரு மனத்தாங்கல் இருந்ததே நித்யஸ்ரீக்குத் தெரியாது.

சுந்தரராஜுலு எழுந்தார். "சொந்த அத்தைகிட்டயே தண்ணி வேண்டாம்னு சொன்ன ஆள இன்னைக்குத்தாம்மா பாக்கறேன். இந்த வருசம் நீதான் லீடர்."

அவள் துள்ளிவிட்டாள். மூன்று நாள்! யாருமில்லாத மலையடிவாரம்!

"இடத்தையும் மாத்தியாச்சு" என்று தொடர்ந்தார் அவர். "அடிவாரத்துல தண்ணி வசதி சரியில்ல. மூணு நாளும் அவங்க தோப்புலயே தங்கிக்கலாம்னு இந்தம்மா சொல்லிட்டாங்க."

"உங்கப்பனும் வாராரு" என்றாள் அத்தை. "அத்தன பேருக்கு ஆக்கோணுமே, அடுப்பப் பாக்க ஆளு வேண்டாமா?"

சொம்பு மறுபடி நீண்டது. தேர்வுதான் முடிந்துவிட்டதே. நித்யஸ்ரீ வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னொரு சொம்பு கேட்டாள்.