வியாழக்கிழமைக் கணக்கு

ஆரோக்கியமணியை ஒழித்துக்கட்ட வேண்டும் என்று விச்சு முடிவு செய்தது, அவன் போட்டுக் கொண்டுவந்த வரைபடத்தைப் பார்த்த நிமிடத்தில். வரைபடத்தில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

இரண்டாயிரத்து நாலாம் வருஷம். புனேயில் ஔந்த் பக்கம் ஒரு மாடியில் இயங்கியது கோகடேயின் கன்சல்டன்சி. சாலை, சிக்னல், பாலம் என்று வரைந்து கொடுக்கிற ஆபீஸ். விச்சுவுக்கு அங்கேதான் தலை நரைத்தது. டிராஃபிக் பிரிவுத் தலைவர் ரிட்டயர் ஆகப் போகிறார், அந்த நாற்காலி தனக்குத்தான் என்று சாங்வி வீட்டில் மனைவி பார்வதியிடம் சொல்லிச் சொல்லி, அவளும் அதை அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லி, இனி அது கிடைக்காமல் போனால் வீட்டைக் காலி பண்ண வேண்டியதுதான் என்கிற நிலைமை. அப்போது பார்த்து, சென்னையில் எம்.ஈ. முடித்த கையோடு வந்து குதித்தான் தூத்துக்குடி மணி.

வேலை இதுதான். முளா ஆற்றை ஒட்டி, போபோடியிலிருந்து சாங்விப் பாலம் வரை கிடந்த பழைய சாலையைப் புதுசாக்க வேண்டும். ‘நதிதீர்’ என்ற கம்பெனி அதை எடுத்திருந்தது. அவர்களைப் பொறுத்தவரை, மும்பைக்காரனின் கடற்கரை ரோட்டுக்குப் புனே சொல்லப் போகும் பதில் அது. ஓரமெல்லாம் ஓட்டல் வரும், பிளாட் வரும். காரில் வருகிறவன் இரண்டு பக்கமும் சாய்வாக நிறுத்திவிட்டு ஆற்றுக் காற்று வாங்குவான். முளாவிலிருந்து என்ன காற்று வரும் என்பது அந்தப் பக்கம் மூக்கோடு போனவர்களுக்குத் தெரியும்.

மணி அதை மாற்றிப் போட்டிருந்தான். ஆற்றோரம் நடைபாதை. அதை ஒட்டிச் சற்றே மேடாகச் சைக்கிளுக்குத் தனிப் பாதை. அதற்கு வெளியே கார் நிறுத்தம், அதுவும் ஒரே பக்கம். அப்புறம்தான் ஓடுகிற வண்டிகள்.

“நிக்கிற காரே சைக்கிள்காரனுக்குச் சுவர் ஆயிரும் சார். லாரிக்காரன் எவ்வளவு ஒதுங்கினாலும் இவன் மேல வர முடியாது” என்றான் கோகடேயிடம்.

கோகடே அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தார். பிறகு பொதுவாகச் சொல்கிறவர் போல, ஆனால் மணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “இந்த ரோட்டை யார் கரை சேர்க்கிறார்களோ, பிரிவு அவர்களுக்கு.”

விச்சு சிரித்தார். சிரிக்காமல் என்ன செய்வது?

கம்பெனிக்காரர்கள் முகம் சுளித்தார்கள். ஒரு பக்கம் பார்க்கிங் போனால் எங்கள் ஓட்டலுக்கு எவன் வருவான் என்றார்கள். மணி மசியவில்லை. ஆனால் வாய் நீளம்.

“எண்ணிப் பார்த்திருவோம் சார். காலையில எத்தனை சைக்கிள் போகுதுன்னு எண்ணுவோம். ஆள் இல்லேன்னா என் கையாலயே அந்தப் பாதையை அழிச்சிருதேன்.”

அன்றைக்கு விச்சுவுக்குக் காபி தித்தித்தது.

போக்குவரத்தை எண்ணுவதற்குப் பாடப் புத்தகத்தில் ஒரு வழக்கம் உண்டு. திங்கள் ஆகாது, வெள்ளி ஆகாது, சனி ஞாயிறு கூடவே கூடாது. வாரத்தின் நடுவில் ஒரு சாதாரண நாளாகப் பார்த்து எண்ண வேண்டும். செவ்வாய், புதன், வியாழன். உலகம் பூராவும் இதுதான் வழக்கம். மணி கோப்பும் கையுமாக விச்சுவின் மேஜைக்கு வந்து நின்றான்.

“சார், எந்த நாள் வைக்கலாம்? நீங்க இந்த ஊர்லயே இருக்கீங்க. செவ்வாய், புதன்ல ஏதும் விசேஷம் கிசேஷம் உண்டா?”

“செவ்வாய்க்கிழமை கணபதி கோயில் கூட்டம்டா. புதன்கிழமை எண்றதுக்குப் பசங்க கிடைக்க மாட்டா, காலேஜ் டெஸ்ட்டு. வியாழக்கிழமை வச்சுக்கோ. குருவாரம். நல்ல நாள்.”

“சரி சார். நீங்க சொன்னாப் போதும்.”

பிம்ப்ரியிலும் போசரியிலும் இருக்கிற பட்டறைகளுக்கு வார விடுமுறை ஞாயிறு கிடையாது. மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுப்பதற்காக என்றைக்கோ செய்த ஏற்பாடு அது: அவற்றுக்கு வியாழக்கிழமைதான் ஞாயிறு. போபோடிச் சந்துகளிலிருந்து தினமும் விடிகாலையில் கேரியரில் டப்பாவைக் கட்டிக்கொண்டு ஆற்றோரமாக மிதிக்கிற கூட்டம் முழுக்க அன்று போர்வைக்குள் கிடக்கும். புனேயில் வளர்ந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். சென்னையில் எம்.ஈ. படித்தவனுக்குத் தெரிய வழியில்லை.

புதன்கிழமை சாயங்காலம் மணியை விச்சு வீட்டுக்கே சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனார். இரை போட்டு அழகு பார்க்கிற ஆசை. மணி அடை தின்றான், பார்வதியைப் புகழ்ந்தான், மறுபடி தின்றான்.

“மாமி, எங்க ஊர்ல இப்படி ஒரு அடை கிடையாது. இங்க மெஸ்ல போடுதானே ஒரு சப்பாத்தி, அதைச் செருப்புக்கு அடியில ஒட்டிக்கலாம்.”

“இன்னொண்ணு போட்டுக்கோடா குழந்தே” என்றாள் பார்வதி. “கொஞ்சம் இருங்கோ, மிக்ஸியைப் போட்டுட்டு வந்துடறேன். நாளைக்கு வியாழக்கிழமை, கரண்ட் போயிடும். எல்லாத்தையும் இன்னிக்கே அரைச்சு வச்சாகணும்.”

மணியின் கை வாய்க்குப் பாதியில் நின்றது. “வியாழக்கிழமைன்னா ஏன் மாமி கரண்ட் போகுது?”

“அதுவா? அன்னிக்குத்தானே இங்க கம்பெனியெல்லாம்...”

“பார்வதி!” விச்சுவின் குரல் சாட்டை மாதிரி விழுந்தது. “அவனுக்குத் தொண்டையை அடைக்கறது பார். மோர் கொண்டா.”

அவள் அவரைப் பார்த்தாள். அவர் கண்ணைப் பார்த்தாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்தக் கண்ணின் அர்த்தம் அவளுக்கு அத்துப்படி. உள்ளே போய் மோர் கொண்டுவந்தாள்.

“லைன் ரிப்பேர்டா” என்றார் விச்சு, மோரை அவன் பக்கம் நகர்த்தி. “வாரம் ஒரு நாள் எங்கேயாவது கம்பியைப் பிடிச்சு இழுத்துண்டு கிடப்பான்.”

மணி மோரைக் குடித்தான்.

மறுநாள் அவனே பையன்களோடு சாலையோரம் உட்கார்ந்து எண்ணினான். ஆபீசுக்குத் திரும்பியபோது முகம் செத்திருந்தது. “புனேன்னா சைக்கிள் ஊருன்னாங்க சார். பால்காரனும் பேப்பர்காரனும்தான் போறாங்க.”

“அதெல்லாம் அந்தக் காலம். இப்போ எவன்டா மிதிக்கறான்? எல்லாம் ஸ்கூட்டி.”

சொன்ன வாக்குக்கு மணி நேர்மையாக இருந்தான். சைக்கிள் பாதையைத் தன் கையாலேயே அழித்தான். இரண்டு பக்கமும் சாய்வுப் பார்க்கிங் வந்தது. அழிக்கும்போது அவன் உதடு துடித்ததை விச்சு எதிர் மேஜையிலிருந்து ரசித்துப் பார்த்தார்.

கம்பெனிக்குக் காட்டுவதற்கு முதல் நாள் ஆபீசில் ஒத்திகை. மொத்த ஆபீசும் உட்கார்ந்திருந்தது. மணி பேசி முடித்ததும் விச்சு மெல்ல எழுந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

“மணி, எண்ணினது என்ன கிழமை?”

“வியாழன் சார். நீங்கதானே...”

“வியாழக்கிழமை!” விச்சு சபையைப் பார்த்துத் திரும்பினார். ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக அழுத்திச் சொன்னார். “ஊர்ப் பட்டறை முழுக்க மூடிக் கிடக்கிற நாளில் இவர் பட்டறைக்காரர்களை எண்ணியிருக்கிறார். மற்ற நாளில் போய்ப் பாருங்கள், ஆற்றோரம் சைக்கிள் வரிசை அறுபடாது. இந்த வரைபடப்படி ரோடு போட்டால் அவர்கள் இரண்டு கார் வரிசைக்கும் நடுவே, லாரிக்கு முன்னால்தான் மிதிக்க வேண்டும். சாவார்கள்.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். “தூத்துக்குடியில் என்ன, மீனைக்கூட விடுமுறையில்தான் எண்ணுவீர்களா?” என்று ஒருத்தன் கேட்டான். மணியின் முகம் வெளிறிப் போயிற்று. அவன் விச்சுவைப் பார்த்தான். நாள் குறித்துக் கொடுத்தது இவர்தான் என்று சொல்ல வாய் திறந்தான். யாரும் நம்ப மாட்டார்கள் என்று புரிந்ததும் மூடிக்கொண்டான்.

கோகடே மட்டும் சிரிக்கவில்லை. மணியைத் தன் அறைக்கு அழைத்தார். விச்சுவையும்.

“நாளைக்கு நீ வர வேண்டாம்” என்றார் மணியிடம். “என்றைக்குமே வர வேண்டாம்.”

“போயிருதேன் சார். தப்பு என் பேர்ல. ஆனா மறுபடி ஒரு தடவை எண்ணுங்க சார். புதன்கிழமை எண்ணுங்க. பாதையைத் திரும்பப் போட்டுட்டு என்னை விரட்டுங்க. கைகூப்பிக் கேக்கேன்.”

“அரே, எதற்கு?” கோகடே வரைபடத்தைச் சுருட்டினார். “கம்பெனி கேட்டது இரண்டு பக்கப் பார்க்கிங். இந்த எண்ணிக்கை அதைத் தருகிறது. எண்ணிக்கை இருக்கட்டும். நீ போ.”

மணி போனான். படியில் அவன் செருப்புச் சத்தம் கீழே வரைக்கும் கேட்டது. கோகடே சுருளை விச்சுவிடம் நீட்டினார்.

“அவன் பெயரை எடுத்துவிட்டு உங்கள் கையெழுத்தைப் போடுங்கள், பிரிவுத் தலைவரே.”

விச்சுவுக்கு ஒரு கணம் பேனா கனத்தது. ‘சாவார்கள்’ என்று இப்போதுதான் தன் வாயால் சொன்னது காதிலேயே நின்றது. ஆனால் ‘பிரிவுத் தலைவரே’ என்ற சொல்லும் அதே காதில்தான் விழுந்திருந்தது. போட்டார்.

சாலை திறக்க ஒன்றரை வருஷம் ஆயிற்று. பட்டு மாதிரி ஓடியது. ஓட்டல்கள் வந்தன, கார்கள் சாய்ந்து நின்றன. பார்வதி மட்டும் அந்தப் பக்கம் வர மாட்டேன் என்றாள். ஏன் என்று விச்சு கேட்கவில்லை.

திறந்த மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமை காலை. சாய்வாக நிறுத்திய காரை ஒருவர் பின்னால் பாராமல் ரிவர்ஸில் எடுத்தார். பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு சைக்கிள் அதில் மோதிச் சாலை நடுவே விழுந்தது. பின்னால் வந்த டெம்போ நிற்கவில்லை. போபோடி முழுக்கத் தெருவுக்கு வந்து உட்கார்ந்தது. ஓட்டல் கண்ணாடி ஒன்றுகூட மிஞ்சவில்லை. சாயங்காலத்துக்குள் போலீஸ் கேட்டுவிட்டது: இதை வரைந்தவன் யார்?

மறுநாள் விச்சு கோகடேயின் அறைக்கு ஓடினார்.

“சார், எண்ணினது மணி. நாள் தப்பு அவனுடையது. அவனைத் துரத்தியதே அதற்காகத்தானே? அதையே சொல்லிவிடலாம்.”

கோகடே அவரை உட்காரச் சொல்லவில்லை.

“மணிக்குத் தெரியாது, விச்சு. தெரியாமல் செய்தான். உங்களுக்குத் தெரியும். தெரியும் என்று ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி நீங்களே நின்று பிரசங்கம் செய்தீர்கள். ‘சாவார்கள்’ என்றீர்கள். டீ கொண்டுவந்தவன்கூடக் கேட்டான். அப்புறம் கையெழுத்துப் போட்டீர்கள்.”

“அந்த எண்ணிக்கையே இருக்கட்டும் என்று நீங்கள்தானே சார் சொன்னீர்கள்!”

“அறையில் நாம் மூன்று பேர். நான் அப்படிச் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. மிச்சம் ஒருவன் இருக்கிறான். அவன் உங்களுக்காகச் சாட்சி சொல்வானா, கேட்டுப் பாருங்கள்.”

வீட்டுக்கு வந்து விச்சு தூத்துக்குடிக்கு போன் போட்டார். எண்ணை இரண்டு தரம் தப்பாக அழுத்தினார். பார்வதி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

“சொல்லுங்க சார்” என்றது மணியின் குரல். கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

“மணி... நீ நல்லவன்டா. அன்னிக்கு கோகடே ரூம்ல நடந்ததை நீ போலீஸ்ல சொல்லணும். தப்பு எண்ணிக்கையே இருக்கட்டும்னு அவர்தான் சொன்னார்னு. நீ சொன்னா நம்புவா. என் வீட்டு உப்பைத் தின்னிருக்கே.”

“நல்ல ருசி சார். மாமி கைப்பக்குவம் மறக்கவே இல்ல. சார், செத்துப்போனவர் பேரு என்ன?”

விச்சு வாயைத் திறந்தார். பார்வதியைப் பார்த்தார். அவளுக்குத் தெரிந்திருந்தது, காலைப் பேப்பரை அவள் இரண்டு தரம் படித்திருந்தாள். சொல்லவில்லை.

“பரவால்ல சார், விடுங்க. போலீஸ்காரங்க சொல்லிட்டாங்க. காலையிலயே போன் பண்ணுனாங்க.”

“நீ... என்ன சொன்னே?”

“வியாழக்கிழமை வைன்னு யார் சொன்னாங்கன்னு சொன்னேன். கையெழுத்து யாருதுன்னு அவங்களே பார்த்துக்கிட்டாங்க.”

“கோகடேயைப் பத்தி?”



“அவரைப் பத்திச் சொல்லல சார். நேத்து ராத்திரி அவரே பேசினாரு. இப்ப ஊரே சைக்கிள் பாதை கேக்குதாம்ல? வந்து போட்டுக் கொடுன்னாரு. நானும் நல்லா யோசிச்சேன். அவரைப் பிடிச்சு உள்ள போட்டா ஆபீசை இழுத்து மூடிருவாங்க, பாதை வராது. உங்களைப் போட்டா வரும்.”

“மணி, எனக்குப் பென்ஷன் கிடையாதுடா. ஜெயில்டா.”

“தெரியும் சார். நாளைக்கு மத்தியானம் ரயில் ஏறுதேன். உங்க மேஜைச் சாவியை மட்டும் ஆபீஸ் பியூன்கிட்ட கொடுத்திருங்க. பூட்டை உடைக்கணும்னா கோகடே சார் சத்தம் போடுவாரு.”

போன் வைக்கப்பட்டது. விச்சு ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமலேயே கால்சட்டைப் பையைத் தடவினார். சாவி அங்கேதான் இருந்தது.