பேன் இல்லாத பள்ளிக்கூடம்

மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. ஏதோ லேசாகப் புகைந்தது என்று நினைத்துவிட வேண்டாம், நன்றாகக் கொழுந்துவிட்டே எரிந்தது. காரணம் எதிர்வீட்டில் இருந்தது. எதிர்வீடு என்றால் யாரோ எவரோ இல்லை, சொந்த ஓரகத்திதான். அண்ணனும் தம்பியும் ஒரே தெருவில் எதிரெதிரே வீடு பிடித்தபோது சொந்தபந்தமெல்லாம் மெச்சிக்கொண்டது. பள்ளிக்கூட எல்லை அந்தத் தெருவின் நடுவில் போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்? அண்ணன் வீட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு வாய்க்கால் பள்ளிக்கூடம். தம்பி வீட்டுப் பக்கம் மேட்டுப் பள்ளிக்கூடம். இரண்டும் அரசாங்கத்துடையதுதான், ஒரே வட்டாரம், ஒரே பாடப்புத்தகம். இருந்தால் என்ன? ஒப்பிட்டுப் பார்க்காமல் சோறு இறங்குமா?

மூத்தவள் முடிவெட்டும் கடையில் வேலை பார்த்தாள். வட்டாரத்துப் பிள்ளைகளின் தலையெல்லாம் அவள் கைக்குத்தான் வரும். மதிப்பெண், தேர்ச்சி விகிதம் எதுவும் அவளுக்கு வேண்டாம். ஒரு வாரு வாரினால் போதும், பள்ளிக்கூடத்தின் லட்சணத்தைச் சொல்லிவிடுவாள். மேட்டுப் பிள்ளைகள் தலையில் ஓர் ஈர்கூட இருக்காது. வாய்க்கால் பிள்ளை வந்துவிட்டுப் போனால் சீப்பைக் கொதிக்கிற தண்ணீரில் போட வேண்டும். அவள் பெற்ற குட்டியும் அந்த வகைதான். மூன்றாம் வகுப்புப் படிக்கிற குட்டிக்கு ஒரு கை பென்சிலுக்கு, ஒரு கை தலை சொறிய.

இளையவளின் மகள் வாலுவும் மூன்றாம் வகுப்புத்தான். மேட்டுப் பள்ளிக்கூடம். தலை கண்ணாடி மாதிரி இருக்கும்.

"எங்க பள்ளிக்கூடத்துல ஆளுக்கொரு மேசைக்கா. சத்தமே இருக்காது" என்பாள் இளையவள். அதோடு விட்டாளா? "குட்டிக்குத் தலை சரியானதும் ரெண்டும் சேந்து விளையாடட்டும். இப்ப வேணாம்" என்றும் ஒருநாள் சொல்லிவிட்டாள்.

மூத்தவளுக்கு அந்த வார்த்தை நெஞ்சில் தைத்துவிட்டது. சும்மா இருப்பாளா? "எங்க பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களை விட்டுச் சுவரெல்லாம் படம் வரைய வைக்கறாங்க. உங்கதுல உண்டா?" என்று அளந்துவிட்டாள்.

இளையவள் சலவைக் கடையில் வேலை செய்பவள். "அதான் தெரியுதே. உங்க பிள்ளைங்க உடுப்பைப் போட்டா எங்க மெஷினே திணறுது" என்றாள். அது நக்கல் என்றே மூத்தவள் எடுத்துக்கொண்டாள்.

அன்றைக்கே வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போய், குட்டியை மேட்டுக்கு மாற்றித் தரும்படி கேட்டாள். எல்லை தாண்டிப் படிக்க வேண்டுமானால் அங்கே ஓர் இடம் காலியாக வேண்டும் என்றார்கள். காத்திருந்தாள். கணவனிடம் மட்டும், "உங்க தம்பி வீட்டுல மூச்சு விடக்கூடாது, ஆமா" என்று சொல்லி வைத்தாள். ஒருநாள் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. மேட்டில் மூன்றாம் வகுப்பில் ஓர் இடம் காலியாம், திங்கட்கிழமை வந்து சேரலாமாம். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இளையவளின் மூஞ்சி போகிற போக்கை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டாள்.

குட்டிக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். "வாலு பக்கத்துல உக்காரலாமாம்மா?"

"ஒட்டிக்கிட்டே உக்காரு. யாரு கேக்கறது?"

திங்கட்கிழமை காலை குட்டிக்கு மேட்டுப் பள்ளிக்கூடத்து நீலச் சீருடையை மாட்டி, வேண்டுமென்றே எதிர்வீட்டைப் பார்த்தபடி வாசலில் இறங்கினாள். அதே நேரம் எதிர்வீட்டுக் கதவும் திறந்தது. வாலு வெளியே வந்தாள். வாய்க்கால் பள்ளிக்கூடத்துப் பச்சைச் சீருடையில்.

"என்னடி இது?"

"நீங்க சொல்லுங்கக்கா, அது என்ன?"

நடுத்தெருவில் நின்றார்கள். இளையவள்தான் முதலில் உடைந்தாள். "உங்க பிள்ளைங்க உடுப்புல பெயின்ட்டு, களிமண்ணு, பசை, புல்லுக் கறைன்னு என்னென்னமோ இருக்கும். இவ உடுப்பு காலைல போட்ட மடிப்போட அப்படியே வரும்க்கா. நாள் பூரா ஆடாம அசையாம உக்காந்திருக்கான்னுதானே அர்த்தம்? பேன் வந்தா மருந்து போட்டுக்கலாம். எனக்கு வயிறு எரிஞ்சுதுக்கா. நானும் போய் மாத்திக் கேட்டேன்."

மூத்தவளுக்கு அப்போதுதான் விளங்கியது. தன் மகளுக்குக் கிடைத்த காலி இடம் வாலு எழுந்து வந்த இடம். வாலுவுக்குக் கிடைத்தது குட்டியின் இடம்.

"அப்ப நீ என் மேசைலயா உக்காரப் போற?" என்று வாலு கேட்டாள். குட்டிக்கு உதடு பிதுங்கியது. இந்த வருடம் இனி மாற்ற முடியாது. முடிந்திருந்தாலும் யார் முதலில் இறங்கிவருவது? ஒருத்தி மேட்டைப் பார்க்க, ஒருத்தி வாய்க்காலைப் பார்க்க, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நடந்தார்கள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மாலை, இளையவள் வாலுவைக் கூட்டிக்கொண்டு முடிவெட்டும் கடைக்கு வந்தாள். வாலு இரண்டு கையாலும் தலையைச் சொறிந்துகொண்டிருந்தாள். சட்டை முழுக்க மஞ்சள் பெயின்ட். குட்டி மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். காலையில் போட்ட மடிப்பு அப்படியே இருந்தது.

"பாத்தியா, குட்டி தலையில இப்ப ஒண்ணுகூடக் கிடையாது" என்றாள் மூத்தவள், விட்டுக்கொடுக்காமல்.

"எப்படிம்மா வரும்? அங்க யாரு தலையும் என் தலைகிட்ட வராதே" என்றாள் குட்டி.

"எங்களுக்கு நாலு பேருக்கு ஒரே கதைப் புத்தகம் பெரியம்மா" என்று வாலு ஆரம்பித்தாள். "எல்லாரும் தலையை உள்ள விட்டுத்தான் பாக்கணும். இடிச்சுக்குவோம். குட்டி எப்ப வருவான்னு தெனம் கேக்கறாங்க."

மூத்தவளுக்கு மறுபடியும் வயிறு எரிந்தது. இந்தத் தடவை வாய்க்கால் பள்ளிக்கூடத்தை நினைத்து. நேற்றுவரை தன் பிள்ளை கையில் இருந்ததைத் தானே பிடுங்கி எதிர்வீட்டுக்குக் கொடுத்திருக்கிறோமே என்று எரிந்தது.

குட்டி ஸ்டூலைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்து வாலுவை ஒட்டிப் போட்டாள். ஏறி உட்கார்ந்து, வாலுவின் தலையோடு தன் தலையை அழுத்தி வைத்துக்கொண்டாள்.

"எனக்கும் ஒண்ணு குடு" என்றாள்.

"ஐயோ, பிரிச்சு உக்கார வைங்கக்கா, ஒட்டிக்கப் போகுது" என்றாள் இளையவள்.

மூத்தவள் கையிலிருந்த சீப்பைக் கீழே வைத்தாள்.

"ஒட்டட்டும் விடு" என்றாள்.