முழுசாக அமுக்காதவரை

கார் கடைசி வீடுகளைத் தாண்டிச் சரிவில் இறங்கத் தொடங்கியபோதுதான் பின்சீட்டில் இருந்த வெல்டருக்கு அந்த நினைப்பு வந்தது. அந்த லீவருக்கு முழு வெல்டிங் போட்டோமா?

முன்சீட்டில் மெக்கானிக் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார். வெல்டரின் மனைவிக்கு அவர் அண்ணன், பட்டறையும் அவருடையதுதான். ஓட்டிக்கொண்டிருந்தவர் பல் டாக்டர். கிளினிக்கை மூடிவிட்டு, தன் வயதில் பாதி வயதான ஒரு காரை வாங்கி, அதற்கு வேறொரு காரின் எஞ்சினையும் இன்னொன்றின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையும் வைத்துக் கட்டச் சொன்ன மனிதர்.

"காலுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல பேச்சுவார்த்தை இருக்கணும் டாக்டர். லேசா அமுக்குனா, சரி, மனுஷன் நிதானமா போறாருன்னு அது இருந்துக்கும். தரையோட தரையா மிதிச்சீங்கன்னு வைங்க, ஆளு அவசரத்துல இருக்காருன்னு தானா ஒரு கியரு கீழ இறங்கி, வண்டி பிச்சுக்கிட்டுப் போகும். அதுதான் கிக்டவுனு. இந்த எஞ்சினு யாரோ, அந்த கியர்பாக்ஸு யாரோ. நாங்கதான் சம்பந்தம் பேசி முடிச்சு வச்சோம்."

"பொருத்தம் பாத்தீங்களா?" என்றார் டாக்டர்.

"மூணு நாளு பாத்தோம். லீவரு நம்ம மாப்ள கைவேலை."

மாப்பிள்ளை சிரிக்க முயன்றான். உதடு ஒட்டிக்கொண்டது.

அந்த லீவர் உள்ளங்கை நீளம்கூட இராத இரும்புத் துண்டு. எஞ்சினுக்குப் பெட்ரோல் விடும் கார்புரேட்டரின் பக்கத்தில் உட்காரும். அதன் ஒரு துளையில் பெடலிலிருந்து வரும் கேபிள். அதன்மேல் ஒட்டவைத்த, காதுபோன்ற சின்னத் தகட்டில் கியர்பாக்ஸுக்குப் போகும் கேபிள். அந்தக் காது எங்கே இருக்க வேண்டும் என்பதில்தான் மூன்று நாளும் போயிற்று. ஒரு விரற்கடை மேலே போனால் கியர் வேளைகெட்ட வேளையில் இறங்கியது. கீழே வந்தால் இறங்கவே மாட்டேன் என்றது. ஒவ்வொரு தடவையும் அவன் காதை அறுத்து எடுத்து, வேறிடத்தில் வைத்து, இரண்டு பக்கமும் மிளகு அளவுக்கு இரண்டே பொட்டுப் பற்றவைத்துக் கொடுத்தான். டேக் என்பார்கள். இடம் சரிதானா என்று பார்க்கும்வரை தாங்கினால் போதும் என்று போடுவது. சரி என்று ஆனபிறகு சுற்றிலும் வெல்டிங் ஓட்ட வேண்டும். இருபது வருஷம் இரும்புக் கேட்டும் கிரில்லும் செய்த கை அது. கேட்டில் ஒரு டேக்கை மறந்தால் கம்பி ஒன்று ஆடும், வீட்டுக்காரர் திட்டுவார், அவ்வளவோடு போயிற்று.

மூன்றாம் தடவை, "இதுதான்டா இடம்!" என்று மெக்கானிக் மச்சான் துள்ளியது நினைவிருக்கிறது. லீவரைக் கழற்றி மேஜையில் வைத்தது, முகக் கவசத்தைக் கையில் எடுத்தது, எல்லாம் நினைவிருக்கிறது. அப்போது எதிர்க்கடைக்காரர் ஷட்டர் கொக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு, பிய்ந்தே வந்துவிட்டது என்று வந்து நின்றார். அவரோடு போனான். அதற்கப்புறம் நினைவில் இருப்பது, கறுப்புப் பெயிண்ட் அடிக்கப்பட்டுக் கம்பியில் காய்ந்துகொண்டிருந்த லீவர்தான். நடுவில் இருந்ததை எவனோ துணி போட்டுத் துடைத்துவிட்டிருந்தான்.

போட்டிருப்போம், மனசு மறந்தாலும் கை தன் பாட்டுக்குச் செய்திருக்கும் என்று சொல்லிக்கொண்டான். சொன்னது சொன்ன இடத்திலேயே நின்றது. மெதுவாகப் போகும்வரை அந்தக் காதின்மேல் பாரமே கிடையாது. பெடலைக் கடைசிவரை மிதிக்கும்போதுதான் கியர்பாக்ஸ் கேபிள் விறைத்துக்கொண்டு இழுக்கும். அப்போது காது பெயர்ந்து லீவருக்கும் கார்புரேட்டருக்கும் இடையில் சொருகிக்கொண்டால், காலை எடுத்தாலும் எஞ்சின் அடங்காது. கத்திக்கொண்டே ஓடும். அவன் கண்முன் பானெட்டே இல்லாததுபோல் அந்தக் காது ஆடிக்கொண்டிருந்தது.

சரிவு முடிந்து பாலம் தெரிந்தது. "இப்ப மிதிச்சுப் பாக்கட்டுமா?" என்றார் டாக்டர்.

"பாலம் தாண்டட்டும். அந்தப் பக்கம் நேர் ரோடு."

"டாக்டர், கொஞ்சம் ஓரங்கட்டுங்க," என்றான் வெல்டர். "ஒண்ணுக்கு வருது."

"கிளம்பும்போது என்னய்யா பண்ணுன? சின்னப்புள்ளையா நீ?" என்று மச்சான் திரும்பினார்.

"விடுங்க. என் நாற்காலியில உக்காந்ததும் எத்தனையோ பேருக்கு வந்திருக்கு," என்றபடி டாக்டர் பாலத்துக்கு முன்னால் நிறுத்தினார்.

இறங்கியவன் புதர்ப்பக்கம் போகவில்லை. ஏதோ கருகுகிற வாடை என்று சொல்லிப் பானெட்டைத் தூக்கினான். வீட்டுச் சாவியை எடுத்து, லீவரில் காது சேரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டினான். பளிச்சென்று ஒரு பொட்டு. மறுபக்கம் சுரண்டினான். இன்னொரு பொட்டு, அதன் குறுக்கே தலைமயிர்போல் ஒரு விரிசல் கோடு. மற்ற இடமெல்லாம் வெறும் இடுக்கு. பெயிண்ட் போய் அடைத்துக்கொண்டிருந்தது.

தோளுக்குப் பின்னால் மச்சானின் மூச்சு கேட்டது.

"மச்சான், இது வெறும் டேக்கு."

"எனக்கும் கண்ணு இருக்கு. கத்தாத."

"சொல்லிருவோம்."

"என்னன்னு சொல்லுவ? உயிரை நம்பி உக்கார்ற வண்டிய ரெண்டு பொட்டுல ஒட்டிக் குடுத்தோம்னா? அப்புறம் பட்டறைப் பக்கம் காக்கா கூட வராது. ரெண்டு குடும்பமும் அதுலதான் கஞ்சி குடிக்குது, ஞாபகம் வச்சுக்க." அவர் முகம் சாம்பல் பூத்திருந்தது. "முழுசா அமுக்காதவரைக்கும் ஒண்ணும் ஆகாது. நான் பாத்துக்குறேன். மூடு. வாயையும் சேத்து மூடு."

சூடு கொஞ்சம் ஏறுகிறது, இன்றைக்கு வேண்டாம், மெல்லத் திரும்பிவிடலாம் என்று மச்சான் சொன்னதை டாக்டர் நம்பினார். ஆனால் முகம் விழுந்துவிட்டது. வண்டியைத் திருப்பினார். இறங்கிவந்த சரிவு இப்போது ஏற்றமாக நின்றது. ஒரு பக்கம் செங்குத்தாகச் சுவர், மறுபக்கம் ஆள் ஆழத்துக்குக் கால்வாய். முன்னால் ஒரு லாரி, சுமையோடு முக்கி முனகிக்கொண்டு ஊர்ந்தது. பின்னால் இரண்டு மூன்று வண்டிகள் சேர்ந்து ஹாரன் அடித்தன.

"இந்த மாதிரி நேரத்துக்குத்தானேய்யா கிக்டவுனு வச்சது?"

"வேணாம் டாக்டர், சூடு..."

"அஞ்சு செகண்டுல என்ன பெரிய சூடு? ஒரே ஒரு தடவை."

லாரியை முந்த வண்டியை வலப்பக்கம் எடுத்தார். ஏற்றத்தின் உச்சியில், எதிரே ஒரு பஸ் சின்னதாகத் தெரிந்தது. வெல்டர் மச்சானின் பிடரியையே பார்த்தான். நான் பாத்துக்குறேன் என்று சொன்ன மனிதர் இப்போது சொல்வார், இதோ சொல்லிவிடுவார் என்று காத்திருந்தான். பிடரியில் வியர்வை வழிந்ததே தவிர அந்தத் தலை அசையவில்லை. எஞ்சின் குரல் ஏறியது.

"மிதிக்காதீங்க டாக்டர்!" என்று அலறினான். "லீவரு ஒட்டல! வெறும் டேக்கு! முழு வெல்டிங்கு நான் போடல! உடைஞ்சு மாட்டிக்கிச்சுன்னா காலை எடுத்தாலும் நிக்காது!"

கால் மேலெழுந்தது. கார் முனகிப் பின்தங்கி, லாரியின் புகைக்குள் மறுபடி நுழைந்துகொண்டது. பஸ் ஒரு காற்றை வீசிவிட்டுக் கடந்து போயிற்று.

டாக்டர் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார்.

"எவ்வளவு தாங்கும்?" என்றார் டாக்டர்.

"தெரியல டாக்டர். ஒண்ணு ஏற்கனவே விரிஞ்சிருச்சு."

"இவருக்குத் தெரியுமா?"

வெல்டர் தலையைக் குனிந்துகொண்டான்.

"தெரியும்," என்றார் மச்சான்.

நிறுத்த இடமில்லை. பிரேக்கில் நின்றால் பின்னால் வருகிறவன் முதுகில் ஏறுவான். மேலே ஏறினால்தான் ஓரம் கிடைக்கும். டாக்டர் வேலையில்லாமல் கிடந்த இடது காலால் வலது ஷூவின் குதிகாலை மிதித்துக் கழற்றினார். அது உருண்டு பிரேக்கின் அடியில் போய்விடாமல் மச்சான் குனிந்து எடுத்து, திரும்பிப் பார்க்காமலே பின்னால் நீட்டினார். பிறகு கையைக் கொண்டுபோய்க் காரின் சாவியைப் பிடித்துக்கொண்டார். எஞ்சின் கத்தினால் அந்தக் கணமே அணைத்துவிட வேண்டும். வண்டியின் குலுக்கலில் சாவிக்கொத்து கிணிகிணியென்று அடித்துக்கொண்டே இருந்தது.

டாக்டரின் வெறும் கால்விரல்கள் பெடலைத் தொட்டும் தொடாமலும், ஆடுகிற பல்லைத் தடவிப் பார்ப்பதுபோல் தடவி, ஒரு நெல் அளவு அமுக்கின. கார் ஒரு முழம் ஏறியது. இன்னொரு நெல். லாரி விலகி விலகிச் சிறுத்துக்கொண்டு போயிற்று. பின்னால் ஹாரன்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே கூச்சலாயின. ஷூவின் உள்ளே இன்னும் சூடு இருந்தது. அதை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டு வெல்டர் கண்ணாடி வழியே பார்த்தான். ஏற்றம் முடிகிற இடத்தில் ரோடு தெரியவில்லை, வானம் மட்டும் இருந்தது.