உட்காராத பிள்ளை

தைத்த சட்டைகளைக் கடையில் கொடுத்துவிட்டுத் தையல்காரி வீடு திரும்பியபோது, நாத்தனார் தலையணைகளால் அணைகட்டி நடுவில் குழந்தையை உட்கார வைத்துக் கைதட்டிக்கொண்டிருந்தாள். குழந்தையின் பெரிய தலை முன்னால் சரிந்திருந்தது. முதுகு நடுவில் சட்டையை முட்டிக்கொண்டு ஒரு மேடு. தையல்காரி பையை வாசலிலேயே போட்டுவிட்டுப் பிள்ளையை வாரிப் பாயில் கிடத்தினாள்.

அவளுக்கு இருக்கிற அதே எலும்புக் கோளாறுதான் பிள்ளைக்கும். கை கால் குட்டையாக இருப்பதை அவள் எப்போதோ செரித்துவிட்டாள். மெஷினில் கால் எட்டாத இடத்துக்குக் கட்டை வைத்து ஓட்டுகிறவள் அவள். முதுகுதான் வேறு விஷயம். முதுகுக்குப் பலம் வரும்வரை உட்கார வைக்காதீர்கள், இப்போது விழுகிற வளைவு அப்படியே நின்றுவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளுக்கு அப்படித்தான் நின்றுவிட்டது. சாயங்காலமானால் கால் மரத்துவிடும். அவளைச் சீக்கிரமே உட்கார வைத்துவிட்டதாக அவள் அம்மா போகிற வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்திருக்கிறாள். பாவம், அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை.

இப்போது வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்வி, இன்னும் உட்காரவில்லையா என்று. பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. நாத்தனாரிடம் மட்டும் முகத்தைச் சுளிக்க முடியாது. அவள் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதால்தான் மெஷின் ஓடுகிறது.

"எம் பிள்ளைங்கல்லாம் இந்த வயசுல உக்காந்துருச்சுங்க. இது படுத்தே கெடக்குறதப் பாத்தா மனசு கேக்கல."

"எனக்கும்தான் கேக்கல, அண்ணி."

கட்டியவனைக்கூடத் தொடவிடாத இடம் அது. தையல்காரி நாத்தனாரின் கையைப் பிடித்து இழுத்துத் தன் முதுகு மேட்டில் வைத்தாள். கை அங்கேயே இருந்தது.

"வலிக்குதா?"

"எப்பவும்."

நாத்தனார் கையை எடுத்துக்கொண்டாள். தலையணைகளைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

தையல்காரி ஒரு காலரைத் திருப்பிக்கொண்டிருந்தபோது பாயில் சத்தம் கேட்டது. குழந்தை குப்புறப் புரண்டு, குட்டைக் கைகளை ஊன்றி, தள்ளாடித் தள்ளாடித் தானாகவே எழுந்து உட்கார்ந்துவிட்டது. முகமெல்லாம் சிரிப்பு, முதுகில் அதே மேடு. யாராவது கைதட்டுவார்களா என்று பார்த்தது.

தையல்காரியின் கைகள் தாமாகவே ஒன்றை ஒன்று தேடி வந்து, பாதியில் நின்றன. கைதட்ட ஆசையாகத்தான் இருந்தது. நாற்காலியிலிருந்து இறங்கிப் போய்க் குழந்தையைப் படுக்க வைத்தாள். அது வீறிட்டது. மல்லாந்து படுக்க முடியாதவள், ஒருக்களித்து அதன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள்.

சத்தம் கேட்டு வந்த நாத்தனார் இருவரையும் பார்த்தாள். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி, பிள்ளைக்கு மறுபக்கம் வெறுந்தரையில் படுத்தாள்.