நான்காவது வரி

என் பெயர் ஜெபா. வயது இருபத்திரண்டு. வடக்கன்குளத்திலிருந்து வந்து கும்மிடிப்பூண்டி கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறேன். நேற்றுக் காலை ஆரம்பாக்கம் கோயிலில், பாக்கியராஜ் பெரியப்பாவின் சவப்பெட்டிக்கு நாலடி தள்ளி, காலால் மிதிக்கிற ஆர்கன் முன்னால் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

இருபத்தெட்டு வருஷமாக இங்கே எல்லா அடக்கத்துக்கும் பெரியப்பாதான் ஆர்கன். லத்தீன் பூசைக் காலத்துக் கிரகோரியன் ராகம் ஒன்று, நான்கே வரி. அதைத் தன் இஷ்டத்துக்கு விரித்து வாசிப்பார். தாளில் எழுதியதில்லை. நான்காவது வரி தொடங்கினால் பெட்டியைத் தூக்க வேண்டும். அது இந்தக் கோயில் வழக்கம்.

பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதில் மூன்று வரி எனக்குக் கைவந்துவிட்டது. நான்காவது தொடங்கும்போது நானும் பெட்டி தூக்க ஓடிவிடுவேன். மிச்சத்தை அழுகைச் சத்தம் மூடிவிடும். ஆனால் அம்மாவிடம் போனில், முழுசும் தெரியும் என்று அடித்துவிட்டிருந்தேன். அம்மா அதைப் பெரியம்மா வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள்.

"ஊருக்கே வாசிச்ச மனுசன். அவருக்கு நீதான்டா வாசிக்கணும்" என்றாள் செண்பகம் பெரியம்மா. அந்த முகத்தைப் பார்த்து எப்படி இல்லை என்பது?

சன்னலில் ஒரு தலை முளைத்தது. ஆதிகேசவன் அண்ணன். பெரியப்பாவோடு இரும்பு ஆலையில் இருந்தவர். லீவு நாளில் சாவு வீட்டு பேண்டில் டிரம் அடிப்பவர்.

"தாளம் இன்னாப்பா? நானும் சேந்துக்கறேன்."

"தாளமே கெடையாதுண்ணே. மூச்சு விடுத மாதிரி போவும்."

"மூச்சு நின்னவனுக்கு மூச்சு மாரி பாட்டா! நல்லா கீது போ."

பூசை முடிந்தது. மூன்று வரி வாசித்தேன். ஆறு பேர் குனிந்து பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தார்கள். நான் மறுபடி முதல் வரிக்குப் போனேன். பிறகு மறுபடியும்.

"டேய், இடுப்பு புட்டுக்கும்போல கீது. எப்படா தூக்குறது?" என்று குனிந்தபடியே முனகினான் அந்த ஆறு பேரில் ஒருவனான தணிகைவேல். சாமியார் என்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

ஐந்தாவது சுற்றில் பெரியம்மா எழுந்து வந்து என் காதருகே குனிந்தாள்.

"தெரியாதா?"

"தெரியாது பெரியம்மா. சும்மா சொல்லிட்டேன்."

அவள் திரும்பிப் பெட்டியைப் பார்த்தாள். "சரி, நிறுத்தாத. இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போவட்டும்."

என் பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டாள். இன்னும் இரண்டு சுற்று போனது. வெளியே ஆதிகேசவன் அண்ணன் பொறுமையிழந்து டிரம்மில் ஒரே ஒரு அடி கொடுத்தார். ஆறு பேரும் அதுதான் சாக்கென்று தூக்கிவிட்டார்கள்.

அடுத்த மாதம் முப்பதாம் நாள் பூசை. பெரியம்மா ஆர்கனைத் துடைத்து, மூடியைத் திறந்தே வைத்திருக்கிறாள். மூன்று வரியையும் வாசித்து, போனில் பதிவுசெய்து இதன் கீழே போட்டிருக்கிறேன். படிக்கிறவர்களில் யாருக்காவது நான்காவது தெரிந்தால், மெதுவாகப் பாடி எனக்கு அனுப்புங்கள்.