ஒரு சொட்டு எசன்ஸும் விடேல்லை

மோர்னிங்சைட்டில் இருக்கும் வாகீசனின் பியருக்கு ஒரு பெயர் உண்டு. மார்க்கம் நகரில் பிறந்தநாள் என்றாலும் சரி, ரெக்ஸ்டேலில் புதுவீட்டுக் குடிபூரல் என்றாலும் சரி, "வாகீசன்ர பியர் வருகுதோ?" என்று ஒருவராவது கேட்காமல் விடமாட்டார்கள். இதில் ஒரேயொரு பிழைதான். வாகீசனுக்குப் பியர் காய்ச்சத் தெரியாது. தேத்தண்ணீர் போடுவதற்கே ஆள் இரண்டு தரம் யோசிப்பான்.

காய்ச்சுவது அவன் மனைவி கௌசி.

தொடக்கி வைத்தவன் என்னவோ அவன்தான். மூன்று வருடத்துக்கு முன் மார்கழித் தள்ளுபடியில் வாளி, குழாய், வெப்பமானி எல்லாம் அடங்கிய பெட்டியொன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். முதல் தரம் காய்ச்சியது புளித்து நாறியது. இரண்டு போத்தல் வெடித்து பேஸ்மென்ற் கூரை வரைக்கும் அடித்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். கௌசி சண்டை பிடிக்கவில்லை. தயிர்த் தொழிற்சாலையொன்றில் தரம் பார்ப்பது அவளுடைய வேலை. நொதிக்கிற சாமான் ஏன் பழுதாகிறது என்று கண்டுபிடிக்கத்தான் அவளுக்குச் சம்பளமே கொடுக்கிறார்கள். வாளியை ஒருக்கால் முகர்ந்து பார்த்தாள்.

"வாளியைக் கழுவினனீங்களோ?"

"தண்ணி விட்டு அலசினனான்."

"அலசினனீங்கள்! நல்ல வேலை. இனி உதில கை வையாதேங்கோ."

அன்றிலிருந்து வாகீசனுக்குப் போத்தல் கழுவுகிற உத்தியோகம் மட்டும்தான். அதையும் அவள் சொல்லிக்கொடுத்த மாதிரித்தான் செய்யவேண்டும்.

வெளியில் சொல்லவேண்டாம் என்றதும் கௌசிதான். எங்கள் சனத்தை அவளுக்குத் தெரியாதா? "கௌசி பேஸ்மென்ற்றில கசிப்புச் சாராயம் காய்ச்சுறாளாம்" என்று காலையில் ஒருத்தி தொடங்கினால், பின்னேரத்துக்குள் மொன்றியலில் இருக்கும் பெரியம்மா வரைக்கும் போய்விடும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆகவே பியர் வாகீசன் பெயரில் போனது. அவனும் தான் காய்ச்சியதாக வாய்திறந்து சொன்னதில்லை, இல்லையென்றும் சொன்னதில்லை. முதுகில் தட்டும்போது சிரித்துக்கொண்டு நிற்பான். ஆரம்பத்தில் அவளுக்கு அது பகிடியாக இருந்தது. இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

பெயர் போனாலும் போகட்டும் என்று விட்டாள். அவளால் தாங்கமுடியாதது வேறொன்று. எங்கள் கொண்டாட்டங்களில் ஆண்கள் குடிப்பது கராஜில், பெண்கள் நிற்பது குசினியில். நடுவில் ஒரு கதவு. தான் காய்ச்சியதை ஒருவர் முதல் வாய் குடிக்கும்போது முகம் எப்படிப் போகிறது என்று இந்த மூன்று வருடத்தில் அவள் ஒருநாளும் கண்டதில்லை. செய்தி எல்லாம் வாகீசன் வாயால்தான் வரும். வீடு திரும்பும்போது காருக்குள் கேட்பாள்.

"என்னவாம்?"

"நல்லா இருக்காம்."

"கைப்புக் கூடவாமோ, குறைவாமோ?"

"நல்லா இருக்காம் எண்டால் நல்லா இருக்காம்தானே. வேறென்ன?"

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். அந்த மனுசனைக் கேட்டு என்ன பயன்?

இந்த வருடம் சித்திரையில் அவள் சாமான் வாங்குகிற கடைக்காரர் ஒரு பைக்கற்றைக் கையில் வைத்தார். ஹொப்ஸ். பியருக்குக் கைப்பையும் மணத்தையும் கொடுக்கிற பூ அது; காயவைத்து அரைத்து, பச்சைக் குளிசை மாதிரி உருட்டி வரும். ஆனால் இது புது இனம், இன்னும் பெயர்கூட வைக்கவில்லை, இலக்கம் மட்டும்தான் என்றார். நன்றாகக் காய்ச்சுகிற நாலைந்து பேருக்குத்தான் கொடுக்கிறாராம். காய்ச்சி, குடித்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று வந்து சொல்லவேண்டுமாம். கௌசிக்கு உச்சி குளிர்ந்து போனது. நன்றாகக் காய்ச்சுகிற நாலைந்து பேரில் ஒருத்தி! அதைக் காரில் வரும்போது தனக்குத்தானே இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள்.

கொஞ்சத்தைக் கொதியில் போட்டாள். மிச்சத்தைக் கடைசியில், பியர் நொதித்து அடங்கிய பிறகு, வாளிக்குள் நாலு நாள் ஊறவிட்டாள். நாலாம் நாள் மூடியைத் திறந்தவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். யாரோ பக்கத்தில் மாம்பழம் வெட்டுகிறார்கள் என்றுதான் நினைத்தாள். நன்றாகக் கனிந்த கறுத்தக் கொழும்பான் மணம். மறுபடியும் வாளிக்குள் முகத்தை வைத்தாள். அங்கேயிருந்துதான் வருகிறது!

"என்ர அம்மாளாச்சி!" என்றாள் வாய்விட்டு.

ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். தன் கையால் இவ்வளவு நல்ல சாமான் இதுவரை வந்ததில்லை என்று அவளுக்கு அப்போதே தெரிந்தது. மேலே ஓடிப்போய் வாகீசன் மூக்கடியில் பிடித்தாள்.

"என்ன மணம் சொல்லுங்கோ."

"பியர் மணம்."

கடவுளே, இந்த ஆளுக்கு மூக்கு எதற்கு?

ஆடி மாதத்துச் சனிக்கிழமை, மார்க்கத்தில் வாகீசனின் தமக்கை புனிதவதி வீட்டில் முப்பதாவது கலியாண நாள். அவள் கணவர் தியாகலிங்கம் இருக்கிறாரே, அவர் நாக்கு லேசுப்பட்டதல்ல. கலியாண வீட்டுச் சாம்பாரில் உப்பு ஒரு கல் கூடினாலும் மாப்பிள்ளையின் தகப்பனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுத்தான் கை கழுவுவார். முகத்துக்காகப் புகழ்கிற பழக்கம் அந்த மனிதரின் பரம்பரையிலேயே கிடையாது. கௌசிக்கு வேண்டியது அவருடைய வாய்ச்சொல். அதையும் இந்த முறை தன் காதாலேயே கேட்பது என்று முடிவெடுத்துக்கொண்டுதான் போனாள்.

புனிதவதி கணவாய் பொரித்து இறக்கியதும் கௌசி தட்டைப் பிடுங்காத குறையாக வாங்கினாள்.

"தாங்கோ மச்சாள், நான் கொண்டுபோய்க் குடுக்கிறன்."

"பெடியள் ஆரும் வந்து எடுப்பாங்கள். நீ இரு."

"ஆறிப்போடும் மச்சாள்."

முதல்முறை போனபோது போத்தல் ஒன்றும் திறக்கவில்லை. இரண்டாம்முறை கணவாய் போதாதென்று அவளாகவே இன்னொரு தட்டு நிரப்பிக்கொண்டு போனாள். நல்ல நேரம், வாகீசன் அப்போதுதான் அத்தான் தியாகலிங்கத்தின் கண்ணாடிக் குவளைக்குள் ஊற்றிக்கொண்டிருந்தான். ஆறேழு பேர் மடக்குக் கதிரைகளில் இருந்தார்கள். கௌசி மேசையை ஒழுங்குபடுத்துகிற மாதிரி அங்கேயே நின்றாள்.

தியாகலிங்கம் குவளையைத் தூக்கினார். வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனவர் நிறுத்தினார். முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். குடிக்காமலே குவளையைக் கீழே வைத்தார்.

"டேய் வாகீசன், எனக்கே காது குத்துறாயோ?"

"என்ன அத்தான்?"

"உது பியர் மணமே? மாம்பழ எசன்ஸ்! கேக்குக்கு விடுற எசன்ஸை விட்டுப்போட்டு எங்களைப் பேய்க்காட்டுறாய்."

மற்றவர்களும் முகர்ந்தார்கள். ஓமோம், மாம்பழம்தான், களவு பிடிபட்டது என்று ஒரே சிரிப்பு. வாகீசன் விழித்தான். கௌசி என்ன போட்டாள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? ஒருவேளை எசன்ஸும் விட்டிருப்பாளோ? சமாளிக்கிறேன் பேர்வழி என்று வாயைத் திறந்தான்.

"கொஞ்சம்தான் அத்தான். ஒரு மூடியளவு விட்டிருப்பன்."

கௌசிக்கு உள்ளங்காலில் பிடித்த கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. நாலு நாள் பொறுத்திருந்து எடுத்த மணம். நாலைந்து பேரில் ஒருத்தி என்று நம்பித் தந்த பூ. அதைப் போய் ஒரு மூடி எசன்ஸ் என்று, அதுவும் இந்த ஆள்!

"ஆரப்பா மூடியளவு விட்டது?"

எல்லோரும் திரும்பிக் கௌசியைப் பார்த்தார்கள். தட்டை மேசையில் வைத்தாள்.

"ஒரு சொட்டு எசன்ஸும் விடேல்லை அண்ணை. அது பூவின்ர மணம். ஹொப்ஸ் பூ. புது இனம், இன்னும் பேர் வைக்கேல்லை."

"பூவிலை மாம்பழம் மணக்குமோ பிள்ளை? உனக்கென்ன தெரியும் உதுகளைப் பற்றி?"

"எனக்குத்தான் தெரியும். நான்தான் காய்ச்சினனான்."

சொல்லிவிட்டாள். மூன்று வருடம் பொத்திவைத்தது ஒரே மூச்சில் வந்து விழுந்தது. பயம் வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. முதுகு தானாக நிமிர்ந்தது.

தியாகலிங்கம் அவளைப் பார்த்தார். வாகீசனைப் பார்த்தார்.

"அப்ப மார்கழியில நத்தாருக்குக் கொண்டுவந்த கறுத்தப் பியர்?"

"அதுவும் நான்தான்."

"போன வருசம் எங்கட மகள் அட்சயாவின்ர பட்டமளிப்புக்கு?"

"எல்லாம் நான்தான் அண்ணை."

"நீ என்னடா செய்தனீ?"

"போத்தில் கழுவினனான் அத்தான்," என்றான் வாகீசன். அவனுக்கும் அதைச் சொன்னதில் ஒரு பாரம் இறங்கியது போலத்தான் இருந்தது. "மனிசி சொன்ன மாதிரி வடிவாக் கழுவினனான்."

கராஜே சிரித்தது. தியாகலிங்கம் மட்டும் சிரிக்கவில்லை. குவளையைத் திரும்ப எடுத்தார். இந்த முறை குடித்தார். வாய்க்குள் வைத்து மெல்ல விழுங்கினார். புருவம் ஏறி இறங்கியது. கௌசி அந்த முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மூன்று வருடமாகக் காணக் கிடைக்காத முகம் அல்லவா!

"திறமாத்தான் இருக்கு," என்றார். பிறகு இன்னொரு வாய். "ஆனா விழுங்கின பிறகு அடித்தொண்டையில ஒரு கைப்பு நிக்குது. அது கூட."

வேறு யாராவது என்றால் முகம் சுருங்கியிருக்கும். கௌசிக்கு முகம் மலர்ந்தது. அட, ஒரு ஆள் கண்டுபிடித்துவிட்டாரே!

"கூடத்தான் அண்ணை! புதுப் பூவுக்குக் கைப்புக் கூட. எனக்கு அது தெரியாது, கொதியில பழைய அளவையே போட்டிட்டன். அடுத்தமுறை அரைவாசிதான்."

"அரைவாசி வேண்டாம். முக்கால் போடு. கைப்பு இல்லாட்டிப் பிறகு சர்பத்து மாதிரிப் போயிடும்."

"அதுவும் சரிதான்."

"நிண்டுகொண்டு கதையாதை. இரு, பிள்ளை." காலால் ஒரு கதிரையை அவள் பக்கம் தள்ளினார். அவள் உட்கார்ந்தாள். குசினிப் பக்கமிருந்து புனிதவதி கூப்பிட்டாள், றோல்ஸ் பொரிக்க ஆள் வேண்டுமாம். கௌசி எழும்பப் பார்த்தாள். "நீ இரு. டேய் வாகீசன், நீ போ," என்றார் தியாகலிங்கம். அவன் மறுபேச்சில்லாமல் போனான்.

வேலை முடித்து நேரே வந்த அகஸ்ரின் அப்போதுதான் கராஜுக்குள் நுழைந்தார். தியாகலிங்கத்தோடு ஒன்றாக வேலை செய்தவர். யாரோ ஒரு குவளையைக் கையில் கொடுத்தார்கள். வாய்க்குக் கொண்டுபோனவர் மூக்கைச் சுளித்தார்.

"இதென்னப்பா மாம்பழம் மணக்குது? வாகீசன் எசன்ஸ் கிசன்ஸ் விட்டுட்டானோ?"

கௌசி வாய் திறக்குமுன் தியாகலிங்கம் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"விசர்க்கதை கதையாதை அகஸ்ரின்! எசன்ஸாம் எசன்ஸ். அது பூவின்ர மணம். புது இனம், பேர் கூட இன்னும் வைக்கேல்லை. கண்டறியாதவன் மாதிரிக் கேக்கிறாய்." ஏதோ தானே விதைத்து ஆய்ந்தவர் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். "வாகீசன் காய்ச்சினதும் இல்லை. எங்கட கௌசி காய்ச்சினது. இந்தா இருக்கிறாள். குடிச்சுப்போட்டு என்ன குறை எண்டு அவளிட்டைச் சொல்லு."

அகஸ்ரின் அவளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். கௌசி கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, அவர் குடிப்பதைப் பார்த்திருந்தாள்.