போனவன் திரும்பி வந்தானா

இசை மனிதனைத் தெய்வத்தின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தும் என்று பெரியவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். இலங்கை மலைநாட்டில், பூண்டுலோயாவுக்கு மேலே பனிக்கல் தேயிலைத் தோட்டத்தில் அதற்கு முதலில் பேட்டரி வேண்டும். துரைமார் பங்களாக்களை விட்டால், பேட்டரி போட்ட ரேடியோ பெரிய கிளாக்கர் துரைராசாவின் வீட்டில் மட்டும்தான் இருந்தது. ஆகவே தெய்வத்தின் பக்கத்தில் நிற்பவர் அவர்தான் என்பதில் தோட்டத்தில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவருக்கு அறவே இல்லை.

அறுபத்தைந்தாம் வருஷம் அது. இங்கிலாந்தில் நாலு பையன்கள் தலைமுடியைக் காதுவரை வளர்த்துக்கொண்டு மின்சாரக் கித்தார் வாசித்துப் பாடினார்கள். கோஷ்டியின் பெயர் லாம்ப்லைட்டர்ஸ். புதிதாக வந்திருந்த சின்னதுரை, தோட்டத்து உதவி மேனேஜர், இருபத்துமூன்று வயது வெள்ளைக்காரர், மலையில் கொழுந்து பார்க்கப் போகும்போதும் அவர்கள் பாட்டையே சீட்டியடித்துக்கொண்டு போனார். அதுவரை தேவாரமும் வீணையும் தவிர மற்றதெல்லாம் தகரச் சத்தம் என்று சொல்லிவந்த துரைராசா, இரண்டே வாரத்தில் கருத்தை மாற்றிக்கொண்டார்.

"அவையள் பாடுறது பாட்டில்லை, ஆத்மா," என்று ஆபீசில் சொன்னார். சின்னதுரை பக்கத்து அறையில் இருந்தபடியால் கொஞ்சம் உரக்கவே சொன்னார். சின்னதுரைக்குத் தமிழ் சரியாக வராது என்பது பிறகு நினைவுக்கு வந்து, அதையே இங்கிலீஷிலும் ஒருமுறை சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டரைக்கு ரேடியோவில் இங்கிலீஷ் பாட்டு நிகழ்ச்சி. துரைராசா விறாந்தையில் சாய்மனைக் கதிரையைப் போட்டு, கண்ணை மூடி, ஒற்றை விரலால் தாளம் போடுவார். தாளம் பாட்டோடு சேராது. அது பாட்டின் குற்றம் என்பது போல முகத்தை வைத்துக்கொள்வார்.

அதே நேரத்தில் வீட்டின் பின்பக்கம் வீரய்யா விறகு பிளந்துகொண்டிருப்பார். வாரத்தில் ஆறு நாள் ஃபெக்டரி மேல்மாடியில் கொழுந்தை வாட்டுவதற்குத் தட்டுத் தட்டாகப் பரப்புவது அவர் வேலை. ஏழாம் நாள் ஓய்வு. ஓய்வுநாளில் கிளாக்கர் வீட்டு விறகு. யாரும் உத்தரவு போட்டதில்லை. அவருடைய அப்பா பிளந்தார், அவர் பிளக்கிறார். இடையில் ஐந்து கிளாக்கர்கள் மாறிப் போனார்கள்.

நாற்பத்தெட்டு வயதில் வீரய்யாவின் முதுகு எப்போதும் எதையோ இறக்கிவைக்கத் தேடுவது போல் வளைந்திருந்தது. லாம்ப்லைட்டர்ஸ் பாட்டுகளில் பெரும்பாலானவை அவருக்கும் தகரச் சத்தம்தான். நாலு பேரும் ஒரே நேரத்தில் கூச்சல் போட்டால் அவர் அந்தச் சத்தத்துக்குக் கோடரியை ஓங்குவார், வேலை கொஞ்சம் இலேசாகும். அதற்கு மேல் அவருக்கும் அவர்களுக்கும் தொடர்பு இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிகழ்ச்சியின் கடைசிப் பாட்டாக வேறொன்று வந்தது. கூச்சல் இல்லை. ஒற்றைக் கித்தார் மெதுவாக நடந்தது. ஒருவன் மட்டும் பாடினான். பாடினான் என்றும் சொல்ல முடியாது. நாள் முழுக்க வேலை செய்துவிட்டு வந்தவன், சாப்பாட்டைக்கூடக் கேட்காமல் சுவரோடு சாய்ந்துகொண்டு எதையோ சொல்வது போல இருந்தது. மற்ற மூவரும் பின்னால் நின்று, ஆமாம் ஆமாம் என்பது போல முனகினார்கள்.

வீரய்யாவின் கோடரி கட்டையில் குத்தி நின்றது.

அவருக்கு அண்ணன் மாயாண்டி ஞாபகம் வந்தது. பதினொரு வருஷத்துக்கு முன்னால் தலைமன்னாரில் கப்பலேறி இந்தியாவுக்குப் போனவர். போய்க் காகிதம் போடுகிறேன் என்று சொல்லித்தான் போனார். காகிதம் வரவில்லை. கண்ணில் தண்ணீர் வந்ததை வீரய்யா வியர்வை என்று நினைத்துத் துடைத்தார். மறுபடியும் வந்தது.

பாட்டு முக்கால்வாசி போயிருக்கும். விறாந்தைக்குக் கிளாக்கர் மனைவி கமலேஸ்வரி வந்தார்.

"இஞ்சேருங்கோ, மூண்டு மணியாச்சு. நாடகம் தொடங்கிப் போடும்," என்று சொல்லிக்கொண்டே ரேடியோவைத் தமிழுக்குத் திருப்பினார். பாட்டு அந்த இடத்தில் அறுந்தது.

வீரய்யா கோடரியை வைத்துவிட்டு விறாந்தையின் கீழே வந்து நின்றார்.

"என்ன வீரய்யா, கோடாலி கனக்குதோ?"

"இல்லீங்க அய்யா. இப்ப ஒண்ணு பாடுனானே, அதுல என்னாங்க சொல்றான்?"

துரைராசா நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தப் பாட்டில் அவருக்கு விளங்கியவை மூன்று சொற்கள். அவற்றில் ஒன்று 'ஓ'. இருபது வருஷமாகக் கம்பனிக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதுகிறவர் அவர். ஆனால் கம்பனி ஒருபோதும் இந்தப் பையன்களைப் போல மூக்கால் பேசி அவருக்குப் பதில் எழுதியதில்லை. அந்த வாரம் முழுக்க, இந்தியாவுக்குப் போக விருப்பமுள்ள ஆட்களின் விபரம் கேட்டு வந்த கடிதங்களுக்குப் பதில் தயாரித்துக் களைத்திருந்தார். நாக்கில் கப்பல்தான் இருந்தது.

"அது பெரிய சங்கதி. உனக்குச் சொன்னா விளங்குமோ தெரியாது. ஒருத்தன் கப்பலேறிப் போறான். மற்றவன் கரையிலை நிண்டு பாக்கிறான்."

"யாருங்க அவங்க, அண்ணந் தம்பியா?"

துரைராசா சற்று யோசித்தார். "ஓம், அப்பிடித்தான் வச்சுக்கொள்ளன்."

வீரய்யா தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"போனவன் திரும்பி வர்றானாங்க?"

"அது கடைசி அடியிலை வருது."

"வர்றானுங்களா?"

கடைசி அடியைத் துரைராசாவும் கேட்டதில்லை. சின்னதுரை அந்தப் பாட்டைச் சீட்டியடிக்கும்போதும் பாதியில் யாரையாவது ஏசுவதற்காக நிறுத்திவிடுவார்.

"அதை நான் சொன்னா ரசம் கெட்டுப்போம்," என்றார் துரைராசா. "உப்பிடியான பாட்டைக் கேட்டுத்தான் அனுபவிக்கவேணும். அங்கை ரெண்டு கட்டை மிச்சம் கிடக்கு, பார்."

அன்று சாயங்காலம் தொழிலாளர் லயத்து அறையில் வீரய்யா அந்தப் பாட்டைப் பற்றி மனைவி மீனம்மாவிடம் சொன்னார். மீனம்மா கூடையின் கயிற்றை முடிந்துகொண்டிருந்தார்.

"இங்கிலீசுப் பாட்டுக்கு அழுவுற மொத ஆளு இந்த லயத்துல நீங்கதான். நாளைக்குக் காலையில தொப்பிய மாட்டிக்கிட்டு பேர் பதியுற பெரட்டுக்கு வாங்க, கங்காணி சலாம் போடுவாரு."

"அண்ணந் தம்பி கதடி. அண்ணன் கப்பல்ல போயிர்றான்."

மீனம்மாவின் கை நின்றது. மாயாண்டி போன அன்று, கூடப் போன சின்னப் பிள்ளைக்குப் பால்மா வாங்கிக் கொடுத்தவர் அவர்.

"திரும்பி வந்தானா?"

"அதுக்குள்ளாற அந்தம்மா நாடகத்தப் போட்டுருச்சு."

நடுச்சுவர் கூரைவரை போகாத லயத்தில் ஒரு வீட்டுப் பேச்சு அந்த வீட்டோடு நிற்காது. பக்கத்து அறையிலிருந்து பழனியாண்டியின் குரல் வந்தது. "போனவன் பொஞ்சாதி புள்ளைகளையும் கூட்டிக்கிட்டா போனான்? அதக் கேட்டியா வீரய்யா?" அதற்கும் அடுத்த அறையிலிருந்து அழகம்மா, "காயிதமாச்சும் போட்டானான்னு கேளுங்க," என்றார். அவருடைய தங்கையும் போனவர்தான்.

ஒரு மாதத்தில் அந்த லயத்தில் லாம்ப்லைட்டர்ஸுக்கு இருபது ரசிகர்கள் சேர்ந்துவிட்டார்கள். அவர்களில் பாட்டைக் கேட்டவர் ஒருவர். அவரும் முக்கால்வாசிதான் கேட்டிருந்தார்.

அந்த முக்கால் நாலு ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே இருந்தது. பாட்டு கடைசியில்தான் வரும், கமலேஸ்வரியும் அப்போதுதான் வருவார். ஒருநாள் வீரய்யா துணிந்து கேட்டார்.

"அம்மா, ஒரு நிமிசம் பொறுத்துத் திருப்பக் கூடாதுங்களா?"

"போன கிழமை நாடகத்திலை மாமிக்காரி பாலுக்கை நஞ்சைக் கலந்திட்டாள். மருமகள் குடிச்சாளோ இல்லையோ எண்டு நான் ஏழு நாளா நித்திரையில்லாமல் இருக்கிறன். நீ விறகைப் பார்."

வீரய்யா விறகுக்குத் திரும்பினார். அவரும் ஏறக்குறைய அதே நிலையில்தான் இருந்தார்.

பிறகு துரைராசாவுக்கு ஒரு யோசனை வந்தது. உத்தியோகத்தர் கிளப்பில் ஒரு சனிக்கிழமை 'இசை ரசனை மாலை' நடத்துவது. சின்னதுரை தமது ரெக்கார்ட் பெட்டியைத் தருவார். அந்த மெதுவான பாட்டைப் போட்டு, அதன் நயத்தைத் துரைராசா விளக்குவார். சின்னதுரை சம்மதித்தார். சனிக்கிழமை மாலையில் பனிக்கல்லில் வேறு என்ன செய்வது என்று அவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

ஒரு சிக்கல் இருந்தது. பெட்டி மோட்டார் கார் பேட்டரியில் ஓடுவது. சின்னதுரையிடம் இருந்ததோ மோட்டார் சைக்கிள். பங்களாவிலிருந்து கிளப்புக்கு இரண்டு மைல், முழுக்க ஏற்றம். பெட்டியும் பேட்டரியும் ஆள் தலையில்தான் வரவேண்டும்.

"நான் தூக்கியாறேங்க அய்யா," என்றார் வீரய்யா. "கூலி வேணாங்க. அந்த ஒரு பாட்ட மட்டும் கடைசி வரைக்கும் கேட்டுக்கிறேன்."

"கிளப்புக்குள்ளை வரப்படாது, விளங்குதோ?"

"வாசப்படியிலயே இருந்துக்கிறேங்க."

அது கொழுந்து பெருகிக் கொட்டுகிற மாதம். வெள்ளிக்கிழமை, மேல்மாடியில் கூட வேலை செய்யும் கந்தப்பன் காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். கந்தப்பனின் பங்கையும் சேர்த்து வீரய்யா பரப்பினார். வெள்ளி பகலில் ஏறியவர் சனி மத்தியானம்தான் கீழே இறங்கினார். முகத்தைக் கழுவிக்கொண்டு பங்களாவுக்குப் போனார். முதல் நடையில் பெட்டி. இரண்டாம் நடையில் பேட்டரி. மழை தூறியதால் தமது கம்பளியைப் பெட்டிக்குப் போர்த்திவிட்டு நனைந்துகொண்டு வந்தார்.

"பேசாம படுங்க, எவனாச்சும் வாலிபப் பய தூக்கட்டும்," என்று மீனம்மா சொல்லிப் பார்த்தார். சொல்லிவிட்டு, "வந்தானா இல்லையான்னு மட்டும் சரியாக் கேட்டுட்டு வந்துருங்க," என்றும் சொன்னார்.

ஆறு மணிக்குக் கிளப் நிறைந்தது. ஃபெக்டரியைப் பார்க்கும் டீமேக்கர், இரண்டு சின்னக் கிளாக்கர்கள், மருந்துக்காரர், தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார் நடராசா, அவர்கள் மனைவிமார். நடுவில் சின்னதுரை. வாசற்படியில் வீரய்யா. யாரோ இரக்கப்பட்டு ஒரு கோப்பை வெறுந்தேநீர் கொடுத்தார்கள். சூடான தேநீரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கதவுநிலையில் சாய்ந்து உட்கார்ந்தார்.

துரைராசா எழுந்தார். சாமவேதத்தில் தொடங்கினார். அரைமணி நேரத்தில் இராவணனின் வீணைக்கு வந்தார். அங்கிருந்து இங்கிலாந்துக்குக் கடல் கடக்க இன்னும் பதினைந்து நிமிடம் பிடித்தது. "இந்தப் பாடலில் வரும் கப்பல், வெறும் கப்பல் அல்ல. அது ஜீவாத்மா," என்று இங்கிலீஷில் முடித்தார். சின்னதுரை புருவத்தை உயர்த்தினார். நடராசா வாத்தியார் கொட்டாவியை இருமலாக மாற்றிக்கொண்டார்.

ஊசி வைக்கப்பட்டது. ஒற்றைக் கித்தார் மெதுவாக நடந்தது. துரைராசா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மற்றவர்களும் அவரவர்க்குத் தெரிந்த விதத்தில் உருகினார்கள். கமலேஸ்வரி மட்டும் உண்மையாகவே மூக்கை உறிஞ்சினார். நாடகத்து மருமகள் பாலைக் குடித்துவிட்டது போன வாரம்தான் தெரிந்தது.

அந்தப் பாட்டுக்கு முடிவென்று ஒன்று இல்லை. அந்தக் குரல் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு தேய்ந்து, தூரத்துக்குப் போய், இல்லாமல் ஆயிற்று. பிறகு ஊசியின் கரகரப்பு மட்டும் கேட்டது.

சின்னதுரை மரியாதையாகத்தான் கேட்டார்: "மிஸ்டர் துரைராசா, கப்பல் எங்கே வருகிறது? இதில் ஒருவன் டான்ஸ் மண்டபத்தில் ஒரு பெண்ணுக்காகக் காத்திருக்கிறான். அவ்வளவுதானே?"

கிளப்பில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"அது உள்ளர்த்தம், சேர்," என்றார் துரைராசா.

சின்னதுரை நல்ல பிள்ளை. "இருக்கலாம்," என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை நோக்கிப் போனார். பெட்டியைத் தூக்க வீரய்யாவை இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது.

மறுநாள் காலை தண்ணீர் கொட்டும் பீலியடியில் லயமே கூடியிருந்தது. மீனம்மா குடத்தை வைத்துவிட்டு நின்றார். பழனியாண்டி பல்குச்சியை வாயிலிருந்து எடுத்தார்.

"என்னா வீரய்யா, போனவன் வந்தானா?"

வீரய்யா எல்லோர் முகத்தையும் பார்த்தார். மீனம்மாவின் முகத்தில் சற்று அதிக நேரம் கண் நின்றது.

"வந்துட்டான்," என்றார்.

"அட, வந்துட்டானா," என்று அழகம்மா கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"அதே கரையில வந்து எறங்குறான். தலையெல்லாம் நரச்சுப் போச்சு. தம்பிக்காரனுக்கு அடையாளம் தெரியல. அவன்தான் கிட்ட வந்து தோள்ல கைய வச்சு, 'என்னாடா, இன்னமும் வெறகுதான் பொளக்குறியா'ன்னு கேக்குறான்."

"இங்கிலீசுலயா?"

"பின்ன, தமிழ்லயா கேப்பான்?"

"காயிதம் போடாததுக்கு என்னா சொன்னான்?" என்று பழனியாண்டி விடாமல் கேட்டார்.

"போட்டானாம். வெலாசம் தப்பாம்."

அழகம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மீனம்மா, "இன்னொருக்கச் சொல்லுங்க," என்றார். வீரய்யா இன்னொரு தரம் சொன்னார். இந்தத் தரம் அண்ணன் ஒரு இரும்புப் பெட்டியும் கொண்டுவந்திருந்தார். பிறகு கோடரியை எடுத்துக்கொண்டு கிளாக்கர் வீட்டுக்குப் போனார்.

கிளப்பில் பாட்டு ஓடிய மூன்று நிமிடமும் அவர் வாசற்படியில் தூங்கிக்கொண்டிருந்தார்.